கார்டு கேம் வடிவமைப்பது ஒரு வேலையா? ரிச்சர்ட் கார்ஃபீல்டை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போக்கிமான் கார்டு சேர்க்கும் பிள்ளைகளின் பெற்றோர், பொறியியல் முடித்துவிட்டு வேறு ஏதாவது செய்யலாமா என்று யோசிப்பவர்கள், நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சொந்தமாக விளையாட்டு வரைந்து வைத்திருப்பவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இங்கே இருக்கின்றன. பொதுவாகப் பேசினால் பிடிகிடைக்காது என்பதால், இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்த மனிதரின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

டிரேடிங் கார்டு கேம் என்றால் ரம்மி மாதிரியா?

இல்லை. ரம்மியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே சீட்டுக்கட்டு. இதில் ஆளுக்கு ஒரு கட்டு. அதற்கு டெக் என்று பெயர். டெக்கில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அவரவர் வீட்டிலேயே யோசித்து அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். கார்டுகளைக் கடையில் பாக்கெட்டாக வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்கும்வரை தெரியாது. வேண்டாததை நண்பரிடம் கொடுத்து வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். பெயரில் இருக்கும் 'டிரேடிங்' அதுதான்.

பள்ளிக்கூடத்தில் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு ஆடியவர்களுக்கு ஒரு வித்தியாசம் சொன்னால் புரியும். அதில் கார்டில் இருப்பது உயரம், எடை என்று வெறும் எண்கள். இதில் ஒவ்வொரு கார்டிலும் ஒரு குட்டி விதி எழுதியிருக்கும். அந்த விதி, விளையாட்டின் பொது விதியையே மீறலாம். 'ஒரு முறைக்கு ஒரு கார்டுதான் எடுக்கலாம்' என்பது பொது விதி என்றால், 'மூன்று எடு' என்று ஒரு கார்டு சொல்லும். கார்டு சொல்வதே செல்லும்.

அந்த விதிகளை எழுதுவதுதான் வடிவமைப்பாளரின் வேலை. படம் வரைவது வேறு ஆளின் வேலை.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் யார்?

1993-இல் வந்த 'மேஜிக்: தி கேதரிங்' விளையாட்டை உருவாக்கியவர். இந்த வகையில் அதுதான் முதலாவது. போக்கிமான் கார்டு விளையாட்டு ஜப்பானில் 1996-இல்தான் வந்தது, யூ-கி-ஓ 1999-இல்.

பிறந்தது 1963-இல், பிலடெல்ஃபியாவில். அப்பா கட்டடக் கலைஞர். அவர் வேலைக்காக ஊர் ஊராகப் போன குடும்பம், வங்கதேசத்திலும் நேபாளத்திலும் இருந்துவிட்டுக் கடைசியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தங்கியது. பதின்மூன்று வயதில் முதல் விளையாட்டை உருவாக்கிவிட்டார். அமெரிக்க அதிபராக இருந்து சுட்டுக்கொல்லப்பட்ட ஜேம்ஸ் கார்ஃபீல்டின் வம்சம். வேலைக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை, ஆனால் யாரைப் பற்றிச் சொன்னாலும் நம்மவர்கள் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள் அல்லவா, அதற்காகச் சொன்னேன்.

என்ன படித்தார்? கணக்கு வந்தால்தான் இந்த வேலைக்குப் போக முடியுமா?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணினிக் கணிதத்தில் பட்டம், அப்புறம் சிறிது காலம் பெல் ஆய்வகத்தில் வேலை, மறுபடி அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிச் சேர்மானக் கணிதத்தில் முனைவர் பட்டம். இத்தனை பொருளை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று ஆராயும் பிரிவு அது. முனைவர் பட்டம் முடிந்ததும் மேஜிக் வெளியானதும் ஒரே வருடம், 1993.

கணக்கு வேண்டுமா என்றால், பட்டம் வேண்டாம், பழக்கம் வேண்டும். 60 கார்டு டெக்கில் ஒரே கார்டு நான்கு இருந்தால், முதல் ஏழு கார்டில் ஒன்றாவது வரும் வாய்ப்பு எவ்வளவு? ஏறக்குறைய 40 சதவீதம். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒரு கார்டு எவ்வளவு பலமாக இருக்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் இருக்கும் நிகழ்தகவுப் பாடம் போதும், அதை மனப்பாடம் செய்யாமல் படித்திருந்தால்.

இன்று இந்தத் துறையில் மிகவும் பேசப்படும் மார்க் ரோஸ்வாட்டர் கணக்குப் பின்னணியில் வந்தவரே இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தவர்.

மேஜிக் எப்படிப் பிறந்தது?

1991-இல் கார்ஃபீல்டின் கையில் இருந்தது வேறு ஒரு விளையாட்டு: பலகையில் ரோபோக்கள் ஓடும் 'ரோபோராலி'. அதை வெளியிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். சியாட்டில் பக்கம் பீட்டர் ஆட்கிசன் என்பவர் அப்போதுதான் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற குட்டி நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார். பகலில் போயிங் விமான நிறுவனத்தில் வேலை, மிச்ச நேரத்தில் இது. ரோபோராலிக்குப் பலகை, பொம்மைகள் என்று செலவு அதிகம். அவ்வளவு பணம் ஆட்கிசனிடம் இல்லை. அதனால் வேறொன்று கேட்டார்: விளையாட்டு விழாக்களில் ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் வரிசையில் நிற்கும்போது ஆடுகிற மாதிரி, பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி, அச்சடிக்கச் செலவு குறைவாக ஏதாவது முடியுமா?

கொஞ்ச நாளில், ஓரிகனில் மல்ட்னோமா அருவிப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது கார்ஃபீல்டுக்கு விடை கிடைத்தது. 'எல்லாரும் ஒரே கட்டில் ஆட வேண்டும் என்று யார் சொன்னது?' ஆளுக்கு வேறு வேறு கார்டு இருந்தால் என்ன? ஒருவரிடமும் எல்லாக் கார்டும் இருக்கக் கூடாது. எதிரில் இருப்பவர் போடும் கார்டை நான் அதுவரை பார்த்தே இருக்கக் கூடாது.

இந்தத் தொழிலில் அப்புறம் வந்த நல்லது, கெட்டது, பணம், சண்டை எல்லாமே அந்த ஒரு யோசனையில் இருந்து கிளைத்தவை. கார்ஃபீல்ட் அடுத்த முப்பது வருடம் செய்ததில் பாதி, அதற்கு அவரே கண்டுபிடிக்க முயன்ற மறுமொழி என்பது என் கணிப்பு.

யோசனை வந்ததற்கும் விளையாட்டு கடைக்கு வந்ததற்கும் நடுவே இரண்டு வருடம். பல்கலைக்கழக நண்பர்கள் கையால் வெட்டி ஒட்டிய கார்டுகளை வைத்து ஆடிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் விசார்ட்ஸ் நிறுவனத்தின் மேல் வேறொரு புத்தகத்துக்காக வழக்கு விழுந்தது. தோற்றால் எல்லாச் சொத்தும் போய்விடும் என்று, மேஜிக்கை மட்டும் 'கார்ஃபீல்ட் கேம்ஸ்' என்ற தனி நிறுவனத்தின் பெயரில் ஒதுக்கி வைத்தார்கள். விளையாட்டு உருவாக்க வருபவர்கள் இந்தப் பகுதியை யாரும் சொல்லித் தருவதில்லை என்று பிற்பாடு புலம்புவார்கள்.

வெளியான உடனே பெரிய வெற்றியா?

1993 ஆகஸ்டில் வந்தது. ஆல்பா என்று இன்று அழைக்கப்படும் அந்த முதல் அச்சில் 295 வகைக் கார்டுகள், மொத்தம் சுமார் 26 லட்சம் கார்டுகள். பெல்ஜியத்தில் கார்ட்டா முண்டி என்ற அச்சகத்தில் அடித்தவை. அதே மாதம் மில்வாக்கி நகரில் நடந்த ஜென் கான் என்ற விளையாட்டு விழாவில் கூட்டம் மொய்த்தது. முதல் அச்சு பறந்துபோயிற்று, அடுத்ததும் அப்படியே.

ஆனால் கார்ஃபீல்ட் உடனே வேலையை விட்டுவிடவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் விட்மன் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1994-இல்தான் கல்லூரியை விட்டு முழுநேரமாக விளையாட்டுக்கு வந்தார். விளையாட்டு ஏற்கெனவே விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தபோதும் ஒரு கல்வியாண்டு முழுக்க வகுப்பு எடுத்த மனிதர். "நாளைக்கே ராஜினாமா கொடுக்கட்டுமா?" என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

முதல் விளையாட்டில் அவர் செய்த பெரிய தப்பு எது?

எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதை விட, ஒரு ஆள் எவ்வளவு வாங்குவார் என்பதில்தான் கணக்கு பிசகியது.

அவர் நினைத்தது இது: ஒருவர் ஒரு விளையாட்டுக்குச் செலவழிக்கும் தொகை ஓரளவுதான் இருக்கும். ஆளுக்கு ஒன்றிரண்டு டெக், சில பாக்கெட் வாங்குவார்கள். அப்படியானால் மிகப் பலமான கார்டுகளை அபூர்வமாக அச்சடித்தால் போதும்; ஒரு நண்பர் வட்டத்தில் ஒருவரிடம் ஒரே ஒரு 'பிளாக் லோட்டஸ்' இருக்கும், அதைப் பார்த்து மற்றவர்கள் வாயைப் பிளப்பார்கள், அவ்வளவுதான். கறுப்புத் தாமரை என்று பொருள்படும் அந்தக் கார்டு, ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே இலவசமாக மூன்று மடங்கு சக்தி தருவது.

மக்களோ பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். ஒரே டெக்கில் எத்தனை பிளாக் லோட்டஸ் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றுதான் அப்போது விதி. நான்குக்கு மேல் கூடாது என்ற வரம்பெல்லாம் பிறகு வந்தவை. அபூர்வமாக இருப்பதே கார்டைக் கட்டுப்படுத்திவிடும் என்ற நம்பிக்கை, பணம் இருப்பவன் முன்னால் நிற்கவில்லை. ஆல்பா பிளாக் லோட்டஸ் ஒன்று, ஓவியரின் கையெழுத்துள்ள உறையோடு, 2021-இல் 5,11,100 டாலருக்கு ஏலம் போனது.

இன்னொன்றும் உண்டு. ஆரம்ப விதிப்படி ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆளுக்கு ஒரு கார்டைப் பந்தயமாக வைக்க வேண்டும்; ஜெயித்தவருக்கு இரண்டும். கோலி விளையாட்டில் ஜெயித்தவன் கோலியை எடுத்துக்கொண்டு போவதுபோல. கார்டு கைமாறிக்கொண்டே இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் தன் அருமையான கார்டை இழக்க யாருக்கு மனம் வரும்? ஆடியவர்களில் பெரும்பாலோர் அந்த விதியைக் கண்டுகொள்ளவே இல்லை. சில இடங்களில் சூதாட்டச் சட்டமும் குறுக்கே வந்தது. மெதுவாகக் கைவிட்டார்கள்.

மூன்றாவது, தப்பாக ஆகியிருக்க வேண்டியது, தப்பித்தது. 'ஆயிரத்தொரு இரவுகள்' கதைகளை வைத்து 1993 டிசம்பரில் வந்த முதல் விரிவாக்கத் தொகுதிக்கு வேறு நிறப் பின்பக்கம் போடுவதாக இருந்தது. கேள்விப்பட்ட ஆட்டக்காரர்கள் எதிர்த்ததால் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். அன்று மாற்றாமல் விட்டிருந்தால், கலைத்து அடுக்கிய டெக்கில் எந்தக் கார்டு எந்தத் தொகுதி என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒரு வடிவமைப்பாளர் நாள் முழுக்க என்ன செய்வார்?

கற்பனை செய்துகொண்டு சாய்ந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால் ஏமாற்றம். மேஜிக்கை வைத்தே சொல்கிறேன். ஒரு தொகுதி கடைக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு வருடம் முன்பே வேலை ஆரம்பமாகிவிடும். முதலில் ஒரு சிறு குழு, இந்தத் தொகுதி எதைப் பற்றியது, என்ன புது வித்தை இருக்கும் என்று முடிவு செய்யும். அடுத்த குழு அதைக் கார்டு கார்டாக மாற்றும். கடைசியில் வருபவர்கள் பெரும்பாலும் போட்டிகளில் ஆடிப் பழகிய கைகாரர்கள். அவர்கள் வேலை, உடைப்பது. எந்தக் கார்டு அளவுக்கு மீறிப் பலமாக இருக்கிறது என்று ஆடி ஆடிப் பார்ப்பார்கள்.

சோதனைக்குப் பளபளப்பான கார்டெல்லாம் கிடையாது. பழைய கார்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, அதில் விதியை அச்சடித்து ஆடுவார்கள். பெயர்கூட அப்போதைக்கு வாய்க்கு வந்த பெயர்தான்.

மிச்ச நேரம் எழுத்து. ஒரு சின்ன உதாரணம்: 'எதிராளி ஒரு கார்டை இழக்க வேண்டும்.' தெளிவாக இருப்பதுபோலத் தோன்றுகிறதா? கையில் இருந்தா, மேசையில் இருந்தா, டெக்கில் இருந்தா? எந்தக் கார்டு என்று யார் தேர்ந்தெடுப்பது, அவரா நானா? இழந்த கார்டு எங்கே போகிறது? நான்கு பேர் ஆடும்போது எதிராளி என்பது யார்? வக்கீல் பத்திரம் எழுதுவதுபோல எழுத வேண்டும், ஆனால் ஒரு அங்குலச் சொச்ச இடத்துக்குள், பத்து வயதுப் பையனுக்கும் புரிகிற மாதிரி.

சோதித்த பிறகும் தப்பான கார்டு வெளியே போவதுண்டா?

நிறைய. இரண்டு மட்டும் சொல்கிறேன், இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

2004-இல் 'ஸ்கல்கிளாம்ப்'. ஒரு பிராணிக்கு மாட்டிவிடும் கருவி; அந்தப் பிராணி செத்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். கடைசிக் கட்டத்தில் அதைத் திருத்தி, மாட்டினால் பிராணியின் தாங்குசக்தி ஒன்று குறையும்படி செய்தார்கள். அது ஒரு பலவீனம் என்று நினைத்துவிட்டார்கள்போல. ஆனால் தாங்குசக்தி ஒன்றே உள்ள குட்டிப் பிராணிக்கு மாட்டினால் அது உடனே சாகும், உடனே இரண்டு கார்டு. ஆளுக்கு ஆள் அதையே ஆட ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் போட்டிகளில் அதற்குத் தடை.

இருபது வருடம் கழித்து, 2024-இல் 'நாடு' என்ற பறவை. பெயரைப் பார்த்து நம்மூர்ப் பறவை என்று எண்ண வேண்டாம். இதன் விதியையும் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். மாற்றிய வடிவத்தை ஆடிப் பார்க்க நேரமில்லாமலே அச்சுக்குப் போனது. 2005-இல் வந்து எல்லாரும் மறந்துபோன, மாட்டுவதற்குச் செலவே இல்லாத ஒரு கருவியோடு அது சேர்ந்தபோது ஆட்டமே நாறிப்போனது. ஜூனில் வந்தது, ஆகஸ்டில் தடை. தப்பு எப்படி நடந்தது என்று அதை வடிவமைத்தவரே பகிரங்கமாக எழுதி ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு ஒரு சலாம்.

சமையல்காரர்களுக்குத் தெரியும்: கடைசியில் போட்ட உப்பை ருசி பார்க்காமல் பந்திக்கு அனுப்பக் கூடாது.

மேஜிக்குக்குப் பிறகு கார்ஃபீல்ட் என்ன செய்தார்?

ரோபோராலி 1994-இல் வெளிவந்தது. அதே வருடம் ரத்தக் காட்டேரிகளை வைத்து ஒரு கார்டு விளையாட்டு. 1996-இல் 'நெட்ரன்னர்': ஒருவர் பெரு நிறுவனம், மற்றவர் அதற்குள் புகும் ஹேக்கர். இரண்டு பக்கத்துக்கும் விதியே வேறு. அது அப்போது ஓடவில்லை. 2012-இல் இன்னொரு நிறுவனம், பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தே வாங்கும் முறையில் திரும்ப வெளியிட்டதும் பித்துப் பிடித்து ஆடினார்கள். விளையாட்டு நன்றாக இருந்து விற்கும் விதம் பொருந்தாமல் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

விசார்ட்ஸ் நிறுவனத்தை 1999-இல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் சுமார் 32.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. கார்ஃபீல்ட் பிற்பாடு தனியாக வேலை செய்யப் போனாலும், ராவ்னிக்கா, இன்னிஸ்ட்ராட், டொமினேரியா போன்ற மேஜிக் தொகுதிகளுக்கு அவ்வப்போது வந்து கைகொடுத்தார். 2011-இல் வந்த 'கிங் ஆஃப் டோக்கியோ' பகடை விளையாட்டும் அவருடையதே.

2018 அவருக்கு விசித்திரமான வருடம். ஒரே வருடத்தில் இரண்டு விளையாட்டு. வால்வ் நிறுவனத்துக்காகச் செய்த கணினிக் கார்டு விளையாட்டு 'ஆர்ட்டிஃபேக்ட்'. அடிமைப்பட்ட சிலரிடம் அளவில்லாமல் பணம் கறக்கும் விளையாட்டுகளைக் கண்டித்து 2016-இல் எழுதியவர் அவர். ஆனால் ஆர்ட்டிஃபேக்டை வாங்கவும் பணம், உள்ளே கார்டு வாங்கவும் பணம் என்று இருந்ததால் ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். சில மாதங்களில் கூட்டம் கலைந்தது. 2019 மார்ச்சில் அவருடைய பங்கு முடிந்தது. 2021-இல் வால்வே கைகழுவியது.

மற்றொன்று 'கீஃபோர்ஜ்'. இதில் பாக்கெட்டே கிடையாது, டெக் கட்டுவதும் கிடையாது. 36 கார்டு கொண்ட முழு டெக்காக வாங்க வேண்டும். உலகத்தில் எந்த இரண்டு டெக்கும் ஒன்றுபோல இருக்காது. ஒவ்வொன்றையும் கணினி நிரல் அடுக்கி, பெயர் வைத்து, அந்தப் பெயரைப் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிடும். ஒரு டெக்கில் இருந்து கார்டை உருவி இன்னொன்றில் சேர்க்க முடியாது. அதாவது, 1991-இல் அருவிப் பக்கம் தோன்றியது திரும்ப வந்துவிட்டது: எதிரில் இருப்பவரிடம் இருப்பது என்னிடம் இருக்காது, எவ்வளவு பணம் கொடுத்தாலும். இந்தத் தடவை காசால் அதை உடைக்க வழியே வைக்கவில்லை. உடைந்தது வேறொன்று, அந்த நிரல். அதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று 2021-இல் வெளியீட்டாளர் அறிவித்து விளையாட்டை நிறுத்தி வைத்தார். மறுவருடம் கோஸ்ட் கேலக்ஸி என்ற நிறுவனம் வாங்கி மீண்டும் நடத்துகிறது.

காப்புரிமை வாங்கினாரா?

ஆம். 1997-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பயன்படுத்திய கார்டைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பதும் அதில் அடங்கும். 2014-இல் காலாவதியாகிவிட்டது.

இப்போது இந்த வேலைக்கு ஆள் எப்படி எடுக்கிறார்கள்?

பல கதவுகள். ரோஸ்வாட்டர், மேஜிக் பத்திரிகைக்குப் புதிர் எழுதி அனுப்பி அனுப்பி 1995-இல் உள்ளே போனவர்; 2003-இல் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். ஆரன் ஃபார்சைத், ராண்டி பியூலர் போன்றவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாக இருந்து போனவர்கள். 2006, 2010, 2017 ஆகிய வருடங்களில் தொடங்கி நடந்த பகிரங்கத் தேர்வுப் போட்டிகள் வழியாகவும் சிலர் சேர்ந்தார்கள். முதல் போட்டியில் தோற்றவர்களில்கூடச் சிலருக்கு வேலை கிடைத்தது. நடுவர்கள் தேடியது நல்ல கார்டை மட்டும் அல்ல, திட்டு வாங்கிய பிறகு அடுத்த வாரம் எப்படித் திருத்திக்கொண்டு வருகிறார் என்பதையும்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உலகம் முழுக்கச் சேர்த்தாலும் நிரந்தர வேலைகள் கொஞ்சம்தான். அலுவலகங்களும் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும்.

என்னிடம் அருமையான கார்டு யோசனை இருக்கிறது. நிறுவனத்துக்கு அனுப்பலாமா?

வேண்டாம். கேட்காமல் வரும் யோசனைகளை மேஜிக் வடிவமைப்பாளர்கள் படிக்கவே மாட்டார்கள். நாளைக்கு அதேபோல ஒரு கார்டு வந்தால் வழக்கு வரும் என்ற பயம்.

அப்படியானால் நானே வெளியிடலாமா?

செய்தவர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஜேம்ஸ் ஒயிட் என்பவர் பல வருடம் சோதித்து, 2019-இல் 'ஃபிளெஷ் அண்ட் பிளட்' விளையாட்டைக் கொண்டுவந்தார். பெருந்தொற்றுக் காலத்தைத் தாண்டியும் நின்றது. ஆனால் கார்டு விளையாட்டுக்கு ஒரு சாபம் உண்டு: பலகை விளையாட்டை ஒருமுறை செய்தால் முடிந்தது, இதற்கோ வருடா வருடம் புதுத் தொகுதி போட வேண்டும், கடைக்காரர் வாரா வாரம் போட்டி நடத்த வேண்டும். அதனால் முதல் முயற்சிக்கு, எல்லாக் கார்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டாகச் செய்யச் சொல்வேன்.

சரி, எங்கே தொடங்குவது?

ஒரு பழைய சீட்டுக்கட்டு, பிளாஸ்டிக் உறைகள், துண்டுக் காகிதம், பென்சில். சீட்டை உறையில் போட்டு, முன்னால் காகிதத்தைச் செருகி, அதில் விதியை எழுதுங்கள். பேனா வேண்டாம், அழிக்க வேண்டியிருக்கும். முதலில் இருபது கார்டு போதும். நண்பரோடு பத்து ஆட்டம் ஆடிவிட்டு, அவர் ஒருமுறைகூடக் கையில் எடுக்க விரும்பாத கார்டுகளைத் தூக்கிப் போடுங்கள். எப்போது பார்த்தாலும் எடுக்கும் கார்டு இருந்தால் அதையும்.

அப்புறம் உங்களை அறியாத இரண்டு பேரிடம் கட்டைக் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். விளக்கம் சொல்லக் கூடாது. அவர்கள் விதியைத் தப்பாகப் படித்து ஆடும்போது நாக்கு துடிக்கும்; அடக்கிக்கொண்டு, எந்த வரியில் தடுமாறினார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரியை அன்று ராத்திரியே மாற்றி எழுதுங்கள். மறுநாள் வேறு இரண்டு பேர்.